தாத்தா பெட்டியில் ஒரு பித்தளை பேட்ஜ்: வயசு கண்டுபிடிப்பது எப்படி?

நம்ம திருக்கோவிலூர் பக்கம் தென்பெண்ணை ஆற்று மணலில் கிடைத்த மலையமான் செப்புக் காசுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதில் இருக்கும் குதிரையைப் பார்த்ததும் ஆய்வாளர்களுக்கு 'இது யாருடையது'ன்னு பிடி கிடைச்சிடும். பட்டாளத்துத் தொப்பி பேட்ஜும் அதே மாதிரிதான். பரண்மேல் டிரங்குப் பெட்டியில் ஒண்ணு கிடந்தா, காயலான் கடைக்கு எடை போட்டுக் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதலில் கிரீடத்தைப் பாருங்க. வளைவுகள் நடுவில் பள்ளம் இல்லாம, கும்மட்டம் மாதிரி உருண்டு இருந்தா அது 'ராஜா கிரீடம்'. 1901 முதல் 1952 வரை, ஏழாம் எட்வர்டிலிருந்து ஆறாம் ஜார்ஜ் வரைக்கும் இதுதான். நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தா எலிசபெத் ராணி காலம். அவங்க பட்டத்துக்கு வந்தது 1952-ல். நாம குடியரசானது 1950 ஜனவரி 26. அன்றிலிருந்து நம்ம படைச் சின்னங்களில் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. அதனால் எலிசபெத் கிரீடம் இருந்தா அது இந்தியப் படையின் பேட்ஜா இருக்க வாய்ப்பில்லை. ஒரு எச்சரிக்கை: மூன்றாம் சார்லஸ் வந்ததும் பிரிட்டனில் மறுபடியும் உருண்டைக் கிரீடத்துக்கே திரும்பிட்டாங்க. பளபளன்னு புதுசா இருந்தா உஷார்!

அடுத்து எண். 1903-ல் தளபதி கிச்சனர் இந்தியப் படைகளுக்கு வரிசை எண்ணை மாற்றினார். மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூடியது. 23-வது வாலாஜாபாத் படை 83-வது ஆனது அப்படித்தான். 1922 சீரமைப்பில் அந்த எண்களும் போயிடுச்சு. ஆக '83' என்று இருந்தா 1903-க்கும் 1922-க்கும் இடைப்பட்டது. வெறும் கழித்தல் கணக்குதான்!

மூன்றாவது, உருவம். யானை இருந்தா 1803 செப்டம்பர் 23-ல் நடந்த அசாயே போரின் நினைவு. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்திலும் அதே யானைதான், கேடயத்தின் மேல், குறுக்கு வாள்களோடு.

இன்ஜினியரிங் படிக்கிற நாம ஏமாறக்கூடிய இடமும் ஒண்ணு இருக்கு: மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுறது, கண்ணிவெடி எடுக்கிறது எல்லாம் இவங்க வேலை. பேட்ஜில் விக்டோரியா பெயரைப் பார்த்ததும் '1901-க்கு முந்தியது'ன்னு முடிவு கட்டிடாதீங்க. 'குயின் விக்டோரியாஸ் ஓன்' என்பது படையின் பட்டப்பெயர். இரண்டாம் உலகப் போரிலும் அது இருந்தது. பெயரை விட்டுட்டு கிரீடத்தின் வடிவத்தை நம்புங்க.

கடைசியா, திருப்பிப் பாருங்க. தொப்பியில் செருகும் தட்டையான நீளப் பட்டை ('ஸ்லைடர்') 1900-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன்பு வளையங்கள்தான். விக்டோரியா காலக் கிரீடமும் பின்னால் ஸ்லைடரும் சேர்ந்திருந்தா, பின்னாளில் அச்சடித்த நகலோன்னு சந்தேகப்படணும். ஆன்லைனில் 'ஒரிஜினல்'னு சொல்லி விற்பவர்களிடம் பின்பக்கப் படத்தைக் கட்டாயம் கேளுங்க. பிளாஸ்டிக்கில் இருந்தா மட்டும் உடனே போலின்னு சொல்லிடாதீங்க. இரண்டாம் உலகப் போரில் உலோகத்தை மிச்சம் பிடிக்க பிரிட்டன் பிளாஸ்டிக் பேட்ஜும் செய்தது.

கையில் கிடைச்சதும் புளி போட்டுத் தேய்க்காதீங்க. ஓரம் மழுங்கி, எழுத்து அழிஞ்சா அடையாளமே போச்சு. முன்னும் பின்னும் போட்டோ எடுங்க, நீள அகலத்தை அளந்து எழுதி வைங்க.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேக்குறீங்களா? ஒரு தாத்தா எங்கே போனார், எந்தப் படையில் இருந்தார் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. 'பட்டாளத்துக்குப் போனார்' என்ற ஒற்றை வரியோடு கதை முடிஞ்சிடும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், பெங்களூருவில் சாப்பர்ஸ் மையம் இன்றும் இருக்கு. ஆனா யாரிடம் எழுதிக் கேட்பதுன்னு தெரியணும்னா, முதலில் படைப்பிரிவு தெரியணும். சில வீடுகளில் அதைச் சொல்ல மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பித்தளைத் துண்டுதான். இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பரணை ஒரு தடவை பாருங்க.