ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்...



ஏனாத்தூரில் நம் குழு ஒன்றின் மாதக் கூட்டம். சேமிப்பு, தவணை எல்லாம் வரவு வைத்து முடிந்ததும் ஒரு சகோதரி எழுந்து உள்கடன் கேட்டார். நாற்பதாயிரம் ரூபாய். எதுக்கு என்று ஊக்குநர் கேட்டார்.

"கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்கக்கா. வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

அவருக்கு வயது 32. இரண்டு பிள்ளைகள். பட்டுத் தறிக் குடும்பம்.

"ஏன் எடுக்கணுமாம்?"

"ஆறு வருஷமா வலிக்கா. அடிவயிறு அறுக்குது. மாசத்துல பத்து நாள் தறியில உட்கார முடியல. எடுத்துட்டா சரியாயிடும்னாங்க."

"என்ன வியாதின்னு சொன்னாங்க? வேற வைத்தியம் இருக்கான்னு கேட்டியா?"

"அதெல்லாம் கேக்கத் தோணலக்கா. வலி போனாப் போதும்னு இருந்துச்சு."

கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்க நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! எதுக்கு, எப்படிக் கட்டுவே, எத்தனை தவணை, யார் ஜாமீன்? எல்லாம் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கின பிறகுதான் பணம் தருகிறோம். உடம்பிலிருந்து ஒரு உறுப்பை எடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போடலாமா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது என்ன வலி?

மாதவிலக்கின்போது லேசான வலி பலருக்கும் வரும். ஆனால் வேலையை விட்டுவிட்டுச் சுருண்டு படுக்கிற வலி சாதாரணமில்லை. "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்" என்று நம் அம்மாக்கள் சொன்னது வலியைக் குறைக்காது. வைத்தியத்தைத்தான் தள்ளிப்போடும்.

அப்படிப்பட்ட வலிக்கு ஒரு முக்கியக் காரணம் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ளே மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. மாதாமாதம் அது வளர்ந்து உதிர்வதுதான் மாதவிலக்கு. சிலருக்கு அதே மாதிரி சவ்வு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடலின் மேலும் மூத்திரப்பை ஓரத்திலும் வளர்ந்துவிடுகிறது. அங்கேயும் மாதாமாதம் வீங்கிக் கசியும். அந்த இடம் புண்ணாகி, தழும்பு விழுந்து, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வலி.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. இருபது பேர் உள்ள நம் குழுவில் இரண்டு பேருக்கு இருக்கலாம்.

மாதவிலக்கில் கடும் வலி, தாம்பத்தியத்தில் வலி, மலம், சிறுநீர் போகும்போது வலி, குழந்தை தங்காமல் போவது ஆகியவை இதன் அடையாளங்கள். நாள் ஆக ஆக, மாதவிலக்கு இல்லாத நாளிலும் வலி நிற்கும். இது தொற்றுநோய் அல்ல, புற்றுநோயும் அல்ல.

ஆனால் அடிவயிற்று வலி எல்லாமே எண்டோமெட்ரியோசிஸ் ஆகிவிடாது. கர்ப்பப்பைத் தொற்று, நார்க்கட்டி, சிறுநீர்த் தொற்று, குடல் கோளாறு, கர்ப்பப்பையைத் தாக்கும் காசநோய், பழைய ஆபரேஷனால் ஏற்பட்ட ஒட்டல், இடுப்புத் தசைப் பிடிப்பு என்று பல காரணங்கள் உண்டு. நாளெல்லாம் தறியில் குனிந்து உட்காருகிறவர்களுக்குத் தசை வலியும் சேர்ந்துகொள்ளும். குடலில் கோளாறு இருக்கும்போது கர்ப்பப்பையை எடுத்தால் வலி போகுமா? அதனால் முதலில் காரணம் தெரியவேண்டும்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. சினைப்பையில் உள்ள கட்டி ஸ்கேனில் தெரியும். சின்னச் சின்னப் படிவுகள் பல நேரம் தெரியாது.

முதலில் மாத்திரை வைத்தியம்

இந்த நோயை அடியோடு போக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் வலியை அடக்கி வைக்க வழி இருக்கிறது. வலி மாத்திரை ஒன்று. அதோடு ஹார்மோன் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காப்பர்-டி போன்ற சாதனம் ஆகியவை மாதவிலக்கைக் குறைத்து அல்லது நிறுத்தி வலியைத் தணிக்கும். இவற்றை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, கால் நரம்பில் இரத்தக்கட்டு இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு "கேக்கல" என்று நிறுத்தக்கூடாது. குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஹார்மோன் வைத்தியம் ஒத்துவராது. அதையும் முதலிலேயே சொல்லவேண்டும்.

ஆபரேஷன் எப்போது?

ஆபரேஷனே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மருந்து சாப்பிட்டும் வலி தீராதபோது, மருந்து ஒத்துக்கொள்ளாதபோது, சினைப்பைக் கட்டி பெரிதாக இருக்கும்போது அல்லது சந்தேகமாகத் தெரியும்போது, குடலோ சிறுநீர்க்குழாயோ அடைபடும்போது ஆபரேஷன் தேவைப்படும். நம் சகோதரிகளில் சிலர் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆனால் "ஆபரேஷன்" என்று ஒரே பேர் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று: வயிற்றில் சிறு துளை போட்டு (லேப்ராஸ்கோப்பி) நோய்ப் படிவை மட்டும் எடுப்பது. கர்ப்பப்பை அப்படியே இருக்கும். பலருக்கு வலி நன்றாகக் குறையும். ஆனால் சில வருடத்தில் நோய் திரும்பவும் வரலாம். சினைப்பைக் கட்டியை எடுக்கும்போது கருமுட்டை இருப்பும் கொஞ்சம் குறையலாம்.

இரண்டு: கர்ப்பப்பையையே எடுப்பது. இதன் பிறகு குழந்தை பிறக்காது. மாதவிலக்கு வராது. ஆனால் வலி நிச்சயம் போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஏனென்றால் நோய் இருப்பது கர்ப்பப்பைக்கு வெளியே. அந்தப் படிவை எடுக்காமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி தங்கிவிடலாம்.

கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டால், 32 வயதிலேயே மாதவிலக்கு நின்ற பெண்ணின் உடம்பாகிவிடும். உடம்பு திகுதிகுவென்று எரியும், தூக்கம் வராது, எலும்பு தேயும், இருதய நோய்க்கு வாய்ப்பு கூடும். "வேண்டாத பையை எடுத்துட்டா என்ன?" என்று சுலபமாகப் பேசுகிறார்கள். பிள்ளை பெற்று முடித்ததும் அது வேண்டாத பை ஆகிவிடுவதில்லை.

வெள்ளைப்படுதலுக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. "எடுக்கலேன்னா கேன்சர் வந்துடும்" என்று யாராவது பயமுறுத்தினால், பயத்தில் கையெழுத்துப் போடாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நாட்டில் நடந்தது

மகாராஷ்டிராவில் பீட் மாவட்டம். கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்கள் அதிகம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுவார். மாதவிலக்கு, வலி என்று லீவு எடுக்க முடியாது. 2019-ல் அரசு அமைத்த குழு அங்கே சுமார் 82 ஆயிரம் பெண்களிடம் விசாரித்தபோது, 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்திருந்தது தெரியவந்தது. அவர்களில் பலர் இளம் வயதுக்காரர்கள்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானிலும் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்ததாகப் புகார்கள் வந்தன. டாக்டர் நரேந்திர குப்தா என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தவேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பீட்டு அட்டை நமக்குப் பெரிய பாதுகாப்புதான். ஆனால் அட்டை இருக்கிறது என்பது ஆபரேஷனுக்கு ஒரு காரணம் ஆகாது.

உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு

1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் அதிக உதிரப்போக்குக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனார். துளை போட்டு உள்ளே பார்க்கச் சம்மதித்தார். மயக்கத்தில் இருந்தபோது எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாகத் தெரிந்தது. வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

அவர் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை. 2008 ஜனவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சமீரா கோலி வழக்கு என்று அதற்குப் பேர். இழப்பீடு 25 ஆயிரம் ரூபாய்தான். ஆனால் தீர்ப்பு பெரியது. சோதித்துப் பார்க்கக் கொடுத்த சம்மதம் உறுப்பை எடுக்கச் சம்மதம் ஆகாது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக அம்மாவோ மற்றவரோ சம்மதம் கொடுத்தால் செல்லாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு. வீட்டுக்காரரைக் கலந்துகொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் அவருடைய கையெழுத்து உங்கள் கையெழுத்துக்குப் பதிலாகாது.

டாக்டரிடம் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

1. எனக்கு என்ன நோய்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
2. ஆபரேஷன் இல்லாமல் வேறு என்ன வைத்தியம் இருக்கிறது?
3. ஆபரேஷனில் எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள்? சினைப்பை இருக்குமா?
4. வலி போகாமல் இருக்க, திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு? பின்னால் என்ன தொந்தரவு வரும்?
5. இப்போதே செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். தனியாகப் போகாதீர்கள். குழுவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த நாளில் எவ்வளவு வலி என்று இரண்டு மாதம் ஒரு நோட்டில் குறித்து எடுத்துப் போங்கள். ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் கையில் வாங்கி வையுங்கள். இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேளுங்கள். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: திடீரென்று தாங்கமுடியாத வலி, வலியோடு காய்ச்சல், மயக்கம், நாள் தள்ளிப்போய் வலி, நிற்காத உதிரப்போக்கு இருந்தால் யோசிக்க நேரமில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

குழு அவருக்குக் கடன் மறுக்கவில்லை. தொகையை ஒதுக்கி வைத்துத் தீர்மானம் போட்டோம். வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குப் போகாமல், ஊக்குநரோடு அரசு மருத்துவமனைக்குப் போனார். எண்டோமெட்ரியோசிஸ் மாதிரி இருக்கிறது, முதலில் மாத்திரை சாப்பிடுங்கள் என்றார்கள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் வலி பாதியாகக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. "ஒரு நாளைக்குப் படுக்கிறேன்கா, பத்து நாள் இல்ல" என்கிறார்.

நாளைக்கு அவருக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். அப்போது என்ன எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்று தெரிந்து கையெழுத்துப் போடுவார். ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். வலியை மறைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் சகோதரி உங்கள் குழுவிலும் இருப்பார். அவர் காதில் விழட்டும்.