கராஜில் ஒரு மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தில் எங்களிட்ட ஒரு மொறிஸ் மைனர் நின்றது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. துளிப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில்தான் அப்பா ஓடினவர். 1995 இடப்பெயர்வோடு கார் போய்விட்டது.

இப்ப லண்டனில் என் கராஜில் இன்னொன்று. 1963ஆம் ஆண்டுக் கார், 1098 சிசி. 1948இல் அறிமுகமான இந்த மொடல் 16 இலட்சத்துக்கு மேல் விற்றது; அதனால் சாமான்கள் இன்றைக்கும் வாங்கலாம். எஞ்சினும் லேசு. கறள்தான் வில்லன்! தனியாகச் சசி இல்லாததால் பொடியே முழுப் பாரத்தையும் தாங்குது. கார்ப்பெற்றைத் தூக்கினால் அடித்தகட்டில் கை போகிற ஓட்டை. வெல்டிங்குக்கு ஆள் பிடித்தேன், காசும் கரைந்தது. மற்றதெல்லாம் சனிக்கிழமைகளில், மகளின் தமிழ்ப் பள்ளி முடியும்வரை கிடைக்கிற இரண்டு மணித்தியாலத்தில்.

பெரிய சண்டை சீற் பெல்ற்றில் வந்தது. இந்தக் காருக்குப் பின்பெல்ற் கிடையாது. பெல்ற் இல்லாத பழைய காரில், மூன்று வயது தாண்டிய பிள்ளை பின்சீற்றில் இருக்க இங்கே சட்டம் விடுகிறது. "சட்டம் விடும், நான் விடமாட்டன்" என்றாள் மனைவி. நியாயம்தானே? பின்பெல்ற், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் இரண்டுக்கும் ஓடர் கொடுத்தேன்.

"நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக்தான், நாங்கள் ஓடேல்லையோ? ஒரிஜினலைக் கெடுக்கிறாய்" என்று அப்பா கராஜ் பக்கமே வரவில்லை.

கறளில்லாத இடமாகப் பார்த்து, பின்னால் இரும்புத் தகடு வைத்துப் பெல்ற்றைப் பூட்டினேன். போன சனி அப்பா தானாக வந்து பின்சீற்றில் ஏறினார். பெல்ற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"இன்னும் அரைச் சுத்து இறுக்கு."