கருக்கலைப்புச் சட்டம்: பாவக் கணக்கு யார் தலையில்?

பீங்கான் தொழிலால் அறியப்படும் விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தில் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இம்மாவட்டத்தில் 0–6 வயதுப் பிரிவில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 896 பெண் குழந்தைகளே இருந்தனர். மாநில அளவு 943. கருவைக் கலைப்பது பெரும்பாவம் எனப் போதிக்கும் சமூகத்தில்தான் பெண் குழந்தைகள் இவ்வாறு குறைந்தனர். இது முரண்போலத் தோன்றினும், இரண்டிற்கும் வேர் ஒன்றே.

வசிட்ட தருமசூத்திரம், பிராமணரைக் கொல்பவரையும் பாலினம் அறியப்படாத கருவை அழிப்பவரையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. அக்கரு ஆணாகப் பிறக்கலாம் என்பதே அது கூறும் காரணம். தந்தையை நரகத்திலிருந்து மீட்பவன் மகனே என்கிறது மனுஸ்மிருதி. அந்நூலின் 11ஆம் அத்தியாயம், சூத்திரரைக் கொன்றதற்குப் பிராமணக் கொலைக்குரிய பரிகாரத்தில் பதினாறில் ஒரு பங்கையே விதிக்கிறது. ஆக, அங்கே காக்கப்பட்டது உயிரன்று. ஆண் வாரிசும் வருணமுமே.

சட்டத்தில் நுழைந்ததோ வேறொரு மதத்தின் சுவடு. கருவின் அசைவு உணரப்படும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது என்ற ஐரோப்பியக் கிறித்தவ மரபு, ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் பதிந்து, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவாயிற்று. கருக்கலைப்புக்கு மூன்றாண்டு வரை சிறை. அசைவு உணரப்பட்ட பின்னர் எனில் ஏழாண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. கத்தோலிக்கத் திருச்சபையே 1869இல் தன் தண்டனை விதிகளிலிருந்து இவ்வேறுபாட்டை நீக்கிவிட்டது. நாமோ அதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவாக இன்றும் வைத்திருக்கிறோம்.

1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இக்குற்றத்திற்கு விதிவிலக்கு மட்டுமே அளித்தது. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும்; 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். முடிவு மருத்துவரிடம் இருப்பதால், அவருடைய மத நம்பிக்கையும் சாதிப் பார்வையும் நோயாளியின் விதியாகிவிட இடமுண்டு. வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே சட்டப்படி தேவை. ஆயினும் குடும்பத்தாரின் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பதை, 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரையிலான உரிமையை அத்தீர்ப்பு உறுதிசெய்தது.

பணமுள்ள பெண் வேறு மருத்துவமனையை நாடுவாள். நாட்கூலியை இழந்து அரசு மருத்துவமனை வாயிலில் நிற்கும் தலித் பெண் திருப்பி அனுப்பப்பட்டால், அவளுக்கு எஞ்சுவது காலங்கடந்த கருவோ, போலி மருத்துவரோதான். பாவத்தின் விலையை ஏழைப் பெண்ணின் உடலே செலுத்துகிறது.

பெண் கருவைத் தேர்ந்தழிப்பது கொடுமையே. அதைத் தடுக்க 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் உள்ளது. அதைக் காரணமாக்கிப் பெண்ணின் உரிமையை மறுப்பது நோயை விட்டு நோயாளியைத் தண்டிப்பதாகும்.

நம்பிக்கையுள்ள பெண் கருவைச் சுமக்க உரிமை உடையவள். அந்நம்பிக்கையைப் பிறர்மீது சுமத்த எவருக்கும் உரிமையில்லை. உடல்நலத்தையும் வறுமையையும் கடந்து, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் பெரியார். 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கரின் சார்பில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வாதிடப்பட்டது. அவ்வழியில் நாம் கோருவது இரண்டு: 88ஆம் பிரிவிலிருந்து பெண் விடுவிக்கப்பட வேண்டும், வட்ட அரசு மருத்துவமனைகள் அனைத்திலும், கேள்வியால் இழிவுபடுத்தாத, கட்டணமில்லாச் சேவை கிடைக்க வேண்டும்.