தீவுக்குப் போக முடியவில்லை, கடையைப் பார்க்கப் போனோம்

ஸ்காட்லாந்து என்றதும் கட்டம் போட்ட பாவாடையும் பைப் வாத்தியமும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் நம் மளிகைத் தொழிலுக்கும் அந்த நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டீத்தூளைப் பொட்டலம் கட்டிப் பெயர் அச்சடித்து ஊர் ஊராக விற்றுப் பெரும் பணக்காரரானவர் அந்நாட்டுக் கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரர். பலர் கூடி மூட்டையாக வாங்கித் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறையை மிகப் பழங்காலத்திலேயே கையாண்டதும் அங்குள்ள ஒரு கிராமம்தான். இவற்றைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் புறப்படவில்லை. பார்க்கும்படி ஆயிற்று.

2024 செப்டம்பரில் வியாபாரிகள் பதினோரு பேர் பழைமைச் சின்னங்களைப் பார்க்கும் சுற்றுலாவாகப் போயிருந்தோம். எடின்பரோ, ஸ்டெர்லிங் கோட்டைகளைப் பார்த்த பின் மேற்குக் கரையிலுள்ள ஓபன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மல் தீவுக்கும், அங்கிருந்து அயோனா என்ற சிறு தீவுக்கும் போவதாக ஏற்பாடு. கி.பி. 563-ல் அயர்லாந்திலிருந்து வந்த புனித கொலம்பா மடம் நிறுவிய தீவு அது. பழைய அரசர்கள் பலரை அங்கே அடக்கம் செய்ததாகச் சொல்வார்கள். ஆனால் ஓபனில் இறங்கிய அன்று கடற்காற்று சுழற்றி அடித்தது. கப்பல் இல்லை, மறுநாளும் சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார்கள். தீவு போயிற்றே என்ற வருத்தத்தைவிடக் கட்டிய பணம் திரும்புமா என்ற கவலைதான் பாதிப் பேருக்கு. வியாபாரிகள் அல்லவா!

எங்களில் இளையவர் ஒருவர்தான் மூத்தவரிடம் பேச்செடுத்தார். “அண்ணாச்சி, கோட்டையும் கல்லறையும் ரெண்டு நாளாப் பாத்தாச்சு. லிப்டன் கடை போட்ட கிளாஸ்கோ இங்கிருந்து மூணு மணி நேரந்தானாம். அதைப் பாத்துட்டுப் போவோமே.”

“சரி தம்பி, வண்டியைத் திருப்பச் சொல்லு” என்றார் அண்ணாச்சி.

தாமஸ் லிப்டனின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கிளாஸ்கோவின் கார்பல்ஸ் பகுதியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், முட்டை விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார்கள். “முட்டையை அம்மா எடுத்துக் கொடுக்கட்டும், அவர் கை சிறியது, முட்டை பெரிதாகத் தெரியும்” என்று சிறுவன் லிப்டன் தந்தைக்கு யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. சிறு வயதிலேயே அமெரிக்கா போய் அங்குள்ள பெரிய கடைகளில் சரக்கை அடுக்கிவைக்கும் முறையையும் விளம்பரத்தையும் கற்றுத் திரும்பினார். 1871-ல் ஸ்டாப்கிராஸ் தெருவில் சொந்தக் கடை திறந்தார். வெண்ணெய், முட்டையை அயர்லாந்து விவசாயிகளிடம் நேரடியாக வாங்கினார். பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டார். 1881-ல் ராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, உள்ளே தங்கக் காசுகளைச் செருகித் துண்டு போட்டு விற்றார். இன்றைய பரிசுக் கூப்பன் எல்லாம் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

1890-ல் ஆஸ்திரேலியா போவதாகச் சொல்லிக் கப்பலேறியவர் இலங்கையில் இறங்கினார். காப்பிச் செடிகளை இலை நோய் அழித்திருந்த காலம் அது, தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. அப்புத்தளை அருகே தம்பதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இடையில் இருந்த தரகர், ஏலக்காரர், மொத்த வியாபாரி எல்லாரையும் விலக்கி, மற்றவர்கள் விற்றதில் ஏறக்குறையப் பாதி விலைக்குப் பொட்டலம் போட்டு விற்றார். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் நம் தமிழ் மக்கள். மலிவு விலைக்குப் பின்னால் அவர்களுடைய சொற்பக் கூலியும் இருந்தது என்பதை வியாபாரிகள் மறக்கலாகாது.

அவருடைய முதல் கடையைத் தேடிப் போனோம். அந்த வட்டாரத்தின் பழைய தெருக்களில் பெரும்பகுதி நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்டுவிட்டதாம். தெற்கு நெக்ரோபொலிஸ் என்ற இடுகாட்டில் அவர் பெற்றோருடன் அடக்கமாகியிருக்கிறார். கல்லறை வேண்டாம் என்று வந்து கல்லறைக்கே போனோம் என்று அண்ணாச்சி சிரித்தார். 1931-ல் மறைந்தபோது சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ ஏழைகளுக்கு எழுதிவைத்தாராம். நூற்றுக்கணக்கில் திறந்த கடைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. டீத்தூளில் பெயர் மட்டும் நிற்கிறது.

மறுநாள் நியூ லானார்க். கிளாஸ்கோவிலிருந்து தென்கிழக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர். கிளைட் ஆற்று நீரின் வேகத்தில் ஓடிய நூற்பாலைகளும் தொழிலாளர் வீடுகளும் அப்படியே நிற்கின்றன. 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆலையை 1785-ல் தொடங்கியவர் டேவிட் டேல். அவர் மருமகன் ராபர்ட் ஓவன் 1800-ல் நிர்வாகத்துக்கு வந்தார். சிறுவயதில் ஜவுளிக்கடைப் பையனாக வேலை பார்த்தவர். அங்கிருந்த சில்லறைக் கடைகள் மட்டச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்து அதிக விலை வாங்குவதைப் பார்த்து, ரொக்கத்துக்கு மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குச் சற்று மேலே விற்கும் கடையைத் திறந்தார். தொழிலாளிக்குச் செலவில் கால்வாசி மிச்சமானதாக அவரே எழுதியிருக்கிறார். கடையின் லாபம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. நாங்கள் அங்கே நெடுநேரம் நின்றோம். கோட்டைகளில் அப்படி நிற்கவில்லை. ஓவன் குறை சொன்ன அந்தக் கடைக்காரர்களும் நம் இனம்தானே என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர்கள் பக்கம் சொல்ல அங்கே யாரும் இல்லை. கடன் கொடுத்தவன் வாராக் கடனையும் சேர்த்துத்தான் விலை வைத்திருப்பான் என்பது நமக்குத் தெரியும்.

ஃபென்விக் என்ற கிராமம் கிளாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிறது. திரும்பும் வழியில் சிறிது நேரமே நிற்க முடிந்தது. 1761-ல் அவ்வூர் நெசவாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1769-ல் சங்கப் பணத்தில் ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்குக் குறைந்த விலையில் கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டுறவுக் கடைக்குப் பேர்போன இங்கிலாந்தின் ராச்டேல் சங்கம் 1844-ல்தான் வந்தது.

எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு இந்த இரண்டு நாளும் இனிக்கவில்லை. லிப்டனும் ஃபென்விக் நெசவாளர்களும் இடையிலிருந்தவனை விலக்கித்தான் விலையைக் குறைத்தார்கள். இன்று பெரிய சங்கிலிக் கடைகள் விளைகின்ற இடத்திலேயே கொள்முதல் செய்கின்றன. தெருமுனை மளிகைக்காரர் ஒரு சிப்பம் துவரம்பருப்பு வாங்கி அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாது. இருபது பேர் சேர்ந்து ஒரு லாரிச் சரக்கு எடுத்தால் ஓரளவு முடியும். அந்த லாரியை வரவழைத்து, கல் மண் நீக்கி, தரம் பிரித்து, எடை போட்டுக் கடை வாசலில் இறக்கும் வேலைக்கு நியாயமான கூலியோடு மொத்த வியாபாரி நின்றுகொள்ளலாம். முன்பு கிடைத்த லாபம் கிடைக்காது. சில்லறைக் கடைகள் மூடிவிட்டால் அதுவும் கிடைக்காது.

துவரம்பருப்பு, மிளகாய் இரண்டில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம் என்று உடன் வந்தவர்களில் ஏழு பேர் ஊர் திரும்புமுன்பே ஒப்புக்கொண்டார்கள். நான்கு பேருக்கு இன்னும் சம்மதமில்லை. அதில் அண்ணாச்சியும் ஒருவர். கூட்டாக எடுத்த சரக்கில் குறை வந்தால் யார் தலையில் விழும் என்று கேட்கிறார். சரியான கேள்வி. இதற்கு வழி தெரிந்தவர்கள் வரும் மாதக் கூட்டத்துக்கு அவசியம் வரவேண்டும்.