மறுமை வழியில் – 9: திருச்சியில் ஓர் அத்தியட்சர்

ஆன்மா உடலை விட்டகன்றதும் தனித்தீர்வை, உலக முடிவில் யாவர்க்கும் பொதுத்தீர்வை என்று கிறிஸ்தவர் கொள்வதைச் சென்ற வாரம் கண்டோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்க. அவ்விரண்டுக்கும் இடையே கத்தோலிக்கர் கூறும், மரித்தோரின் ஆன்மாக்கள் பாவக்கறை நீங்கித் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தை இவ்வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதன்பொருட்டுப் புத்தகங்களைத் தேடப் புகுந்த இடத்தில் ஹீபர் அத்தியட்சர் குறுக்கிட்டுவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் அத்தியட்சராயிருந்த ரெஜினால்டு ஹீபர், 1826 மார்ச் 26, ஈஸ்டர் திருநாளன்று தஞ்சாவூரில் பிரசங்கித்தார். அதற்கு அவர் தேர்ந்தது, மரித்தும் உயிரோடிருக்கிறவராகக் கிறிஸ்து தம்மை அறிவிக்கும் வெளிப்படுத்தின விசேஷத்து வசனம். பின்பு திருச்சிராப்பள்ளிக்கு வந்து, ஏப்ரல் 3 திங்கட்கிழமை விடியற்காலையில், மிஷனரி சுவார்ட்சு ஐயர் 1766-இல் எழுப்பிய கோட்டைக் கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் நடத்தி, தமிழிலேயே ஆசீர்வாதமும் கூறி, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி நீராடச் சென்றவர், நெடுநேரமாகியும் வெளிவராமையால் பணியாள் சென்று நோக்க, நீரில் உயிரற்றுக் கிடந்தார். வயது 42. பரிசுத்த யோவான் ஆலயத்தில் பீடத்தருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவும் ஊரறிந்த சரித்திரம். என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. ஹீபரின் திருச்சபை தன் முப்பத்தொன்பது கோட்பாடுகளுள் 22-ஆவதில், உத்தரிக்கிற ஸ்தலத்தை வேதாதாரமற்ற வீண் கற்பனையென்று தள்ளியிருக்கிறது. அச்சபையின் அத்தியட்சரோ, மரித்தோருக்காக ஜெபிப்பது தமக்கு உடன்பாடே என்றும், அன்புக்குரியவரை, அதிலும் திடீர் மரணத்தால், இழந்தவர்கள் அவரை இறைவனின் கருணைக்கு ஒப்புவிக்க விரும்பாதிருத்தல் அரிது என்றும், இத்தனை இயல்பான வழக்கம் ஆண்டவனுக்கு வெறுப்பாயிராது என்றும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். யூதரின் பழைய வழக்கத்தையும், மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தையும் சாட்சிக்கு அழைக்கிறார். போரில் மாண்ட வீரர்களின் பாவத்துக்காக யூதாஸ் மக்கபேயர் பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்பிய செய்தி அதில் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு அந்நூல் வேதம், ஹீபரின் சபையார்க்கோ படிக்கலாம், கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது. இவ்வாறு எழுதியவரைத் திடீர் மரணமே வந்து கொண்டுபோயிற்று. அவரைப் புதைத்தவர்களுள் எத்தனைபேர் 22-ஆவது கோட்பாட்டையும் மீறி மனத்துக்குள் அவருக்காக ஜெபித்தார்களோ!

எங்கள் சமயபுரத்தில் பூக்கட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், அவர் வியக்கவேயில்லை. "நம்ம ஆத்தா நமக்காகப் பட்டினி கெடக்கலியா தம்பி?" என்றார். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள் அம்மன் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதைச் சொல்கிறார். ஒருவர் நோன்பின் பலன் மற்றொருவரைச் சேரும் என்பதில் அவருக்கு யாதொரு சங்கடமுமில்லை. உவமை முழுதும் பொருந்தாது. அங்கே தெய்வம் மனிதருக்காக நோற்கிறது, இங்கே மனிதர் மாண்ட மனிதருக்காக மன்றாடுகிறார்கள். உத்தரிக்கிற ஆன்மாக்கள் தமக்கெனப் புண்ணியம் தேடவல்லவை அல்ல, காலம் கடந்துவிட்டது. ஆகவேதான் நவம்பர் 2-இல், கல்லறைத் திருநாளன்று, கத்தோலிக்கர் பூசையும் மெழுகுவர்த்தியும் பூக்களுமாகத் தம்மவர் கல்லறைகளை நாடுகிறார்கள்.

1563-இல் கத்தோலிக்கரின் டிரெண்டு சங்கம் அந்த ஸ்தலத்தைப் பற்றி எத்துணைச் சொற்சிக்கனத்தோடு தீர்மானித்தது, அதன் அவ்வளவு பிரசித்தமான நெருப்பைக் குறித்து ஏன் ஒரு வரையறையும் செய்யவில்லை என்பவற்றை அடுத்த வாரமாவது எழுதிவிட வேண்டும், வேறு அத்தியட்சர் எவரும் வழிமறிக்காதிருந்தால்.