பெறுபவர் ஒருவர், உரியவர் பலர்

கணக்கு வைத்திருந்தவர் மறைந்தபின் குடும்பத்தினர் வங்கிக் கிளைக்கு வரும்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "நாமினி நான்தானே, பணம் எனக்குத்தானே?" வைப்புத்தொகையை வங்கியிடமிருந்து பெறுபவர் நாமினியே. ஆயினும் அத்தொகை முழுவதும் அவருக்கே உரிமையாகிவிடுவதில்லை.

1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, நாமினியிடம் பணத்தை வழங்கியதும் வங்கியின் பொறுப்பு நிறைவுறுகிறது. வாரிசுகளின் உரிமை அத்துடன் முடிந்துவிடுவதில்லை என்று 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நாமினிகளாக நியமித்து, இவருக்கு இத்தனை விழுக்காடு என்று குறிப்பிடலாம். அவ்விழுக்காடும் வாரிசுரிமைப் பங்கை மாற்றிவிடாது.

அவ்வாறாயின் உரியவர்கள் யாவர்? முஸ்லிம் குடும்பங்களில் இதற்கு விடை தருவது, 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின் வழியே நடைமுறையில் உள்ள இஸ்லாமிய வாரிசுரிமை முறை. விவசாய நிலத்தைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் நிலை வேறுபடும். பங்குகளின் அடிப்படை திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் உள்ளது. நம் நாட்டுச் சன்னி முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி முறையையே இங்கு விளக்குகிறோம்.

பங்கீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அடக்கச் செலவு. அடுத்துக் கடன்கள், மனைவிக்குச் செலுத்தப்படாத மஹரும் கடனே. மூன்றாவதாக வஸிய்யத் எனப்படும் உயில். எஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே இதன் மூலம் ஒதுக்கலாம். வாரிசு ஒருவருக்கே எழுதிவைத்தால் ஏனைய வாரிசுகளின் இசைவு வேண்டும். இவையனைத்தும் போக மீதமுள்ளதே வாரிசுகளுக்குரியது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மறைந்தவருக்குத் தந்தை இல்லை. தாய், மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் உள்ளனர். உயில் எதுவும் இல்லை. அவர் விட்டுச்சென்றது ரூ.11,00,000. இதில் அடக்கச் செலவு ரூ.20,000, பிறருக்குத் தர வேண்டிய கடன் ரூ.70,000, மஹர் பாக்கி ரூ.50,000. இவை கழிய எஞ்சுவது ரூ.9,60,000.

பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு: ரூ.1,20,000. தாய்க்கு ஆறில் ஒரு பங்கு: ரூ.1,60,000. மீதமுள்ள ரூ.6,80,000 பிள்ளைகளுக்கு. மகனுக்கு மகளைப்போல் இருமடங்கு என்பதால், மகனுக்கு ரூ.3,40,000; மகள்கள் ஒவ்வொருவருக்கும் ரூ.1,70,000. மனைவியே நாமினியாக இருந்து முழுத் தொகையையும் பெற்றிருந்தாலும், தம் மஹரும் தம் பங்கும் போக மற்றவை பிறருக்காக அவர் கையில் இருப்பவையே.

பணத்துக்கு மட்டுமன்று, வீட்டுப் பொருள்கள், நகைகள், வாகனம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. மனைவிக்கே சொந்தமான நகைகள் கணவரின் பெட்டகத்தில் இருந்தாலும் அவை பங்கீட்டில் சேரா. பிரிக்க இயலாத பொருளை மதிப்பிட்டு ஒருவர் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் தம் பங்கின் மற்றப் பகுதியை விட்டுக்கொடுக்கலாம். இதற்கு வயது வந்த வாரிசுகள் மனமொப்பி உடன்பட வேண்டும்.

இவ்விடத்தில்தான் எச்சரிக்கை தேவை. திருமணமாகிச் சென்ற மகளின் பங்கு, "சீர் செய்தாயிற்று" என்ற சொல்லால் மறைந்துவிடுவதில்லை. நாமினி இல்லாத கணக்குகளில், ஒரு வாரிசிடம் தொகையை வழங்க ஏனையோரின் இசைவுக் கடிதத்தை வங்கி கேட்பதுண்டு. தொகையைப் பெற மட்டும் இசைகிறோமா, பங்கையே துறக்கிறோமா என்பதைப் படித்து அறிந்தபின் கையெழுத்திடுங்கள். சிறார்களின் பங்கை எவரும் விட்டுக்கொடுக்க முடியாது. தந்தையை இழந்த சிறாரின் சொத்துக்குத் தாய் தாமாகவே சட்டப்படியான காப்பாளர் ஆவதில்லை. தந்தை உயிலில் நியமித்தவரோ தந்தைவழிப் பாட்டனாரோ இல்லாதபோது நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

மற்றொன்றும் கவனத்துக்குரியது. மகன் தந்தைக்கு முன்பே இறந்து, வேறொரு மகன் உயிருடன் இருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் சொத்தில் பங்கில்லை. அவர்களுக்கு ஏதேனும் சேர வேண்டும் என விரும்பும் பாட்டனார் தம் வாழ்நாளிலேயே மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத் எழுதலாம். அல்லது ஹிபா எனப்படும் கொடையாக வழங்கி, பொருளை அவர்கள் வசம் ஒப்படைக்கலாம்.

வாடிக்கையாளர்கள் இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. கணக்குகள், கடன்கள், மஹர் பாக்கி, பெட்டகத்தில் உள்ள பொருள்களும் அவற்றின் உரிமையாளர்களும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். நாமினி பதிவைச் சரிபாருங்கள். அவர் எதற்காகப் பணத்தைப் பெறுகிறார் என்பதைக் குடும்பத்தாருக்கும் சொல்லுங்கள். பங்குகளைக் கணிப்பது வங்கியின் பணியன்று. மார்க்க அறிஞரையும் வழக்கறிஞரையும் கலந்து கணக்கிடுங்கள். இணக்கம் ஏற்படாவிடில் உரிமையியல் நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழைப் பெற வேண்டியிருக்கும். அதற்குக் காலமும் செலவும் ஆகும். தெளிவாக எழுதிவைத்த ஒரு தாள் அவ்விரண்டையும் மிச்சப்படுத்தக்கூடும்.