இருவர் நின்றால்தான் ஆட்டம்

சென்ற தவணையில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளி மாணவர்கள் இருவரைப் பூப்பந்துப் போட்டிக்காக அலோர் காஜாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். இருவரும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். இரட்டையர் பிரிவில் ஆடினார்கள். முதல் சுற்றிலேயே தோற்றார்கள். தோல்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆனால் திரும்பும்போது ஒருவன் வேனின் முன்னிருக்கையிலும் மற்றவன் கடைசி இருக்கையிலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "அவனாலதான் சார் தோத்தோம்" என்றான் முன்னால் இருந்தவன். பின்னால் இருந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. புலாவ் செபாங் வந்து சேரும்வரை சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தான்.

அந்தப் பிள்ளையின் மௌனம் இரவு முழுவதும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு மறுமொழி தேடியபோது நினைவுக்கு வந்தது டென்னிஸ்.

டென்னிஸா? அது துரைமார் ஆட்டமாயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம். என் தகப்பனாரும் அப்படித்தான் சொல்வார். சிறுவயதில் தோட்டக் கிளப்பில் துரைமார்கள் ஆடும்போது பந்து பொறுக்கிப் போட்டவர் அவர். மாலை முழுவதும் ஓடினால் கையில் சில்லறைக் காசு விழும். "ஒரு நாளாவது மட்டையைத் தொட்டுப் பார்த்தீங்களாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "பந்தைத் தொடத்தான் நமக்கு அனுமதி" என்று சிரித்தார். இன்று அந்தத் திடல் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

ஆனால் கடலுக்கு அப்பால் தமிழர்கள் அந்த மட்டையை எப்போதோ கையில் எடுத்துவிட்டார்கள். இராமநாதன் கிருஷ்ணன் 1954ஆம் ஆண்டு விம்பிள்டனில் இளையோர் வெற்றியாளர் ஆனார். 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் அங்கே ஒற்றையர் அரையிறுதி வரை முன்னேறினார். அவருக்குப் பின் வந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் என்ற சகோதரர்கள் 1976இல் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதியில் ஆடினார்கள்.

1997 முதல் 2017 வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்டுதோறும் அனைத்துலகத் தொழில்முறைப் போட்டி நடந்து வந்தது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சோடி சேர்ந்து அங்கே பலமுறை பட்டம் வென்றார்கள். பின்னாளில் உலகையே ஆண்ட ரஃபேல் நடால், தம் 17ஆம் வயதில், 2004இல், தொம்மி ரொப்ரெடோவுடன் சேர்ந்து வென்றதும் அங்கேதான்.

அந்தப் போட்டி சென்னையில் கடைசியாக நடந்த 2017 சனவரியில், இரட்டையர் இறுதியாட்டத்தில் நின்ற நால்வருமே இந்தியர்கள். ஒரு பக்கம் குடகு நாட்டு ரோகன் போபண்ணாவும் சென்னைப் பிள்ளை ஜீவன் நெடுஞ்செழியனும். மறுபக்கம் பூரவ் ராஜாவும் திவிஜ் சரணும். போபண்ணா உலகெங்கும் பெயர் பெற்றவர். ஜீவன் அதுவரை இந்த நிலைப் போட்டியில் பட்டமே வென்றதில்லை. அன்று 6-3, 6-4 என்ற கணக்கில் வென்று, சொந்த ஊர் மக்கள் முன்னிலையில் தம் முதல் பட்டத்தைக் கையில் ஏந்தினார். அப்போது அவருக்கு 28 வயது.

அடுத்த பட்டம் எப்போது வந்தது தெரியுமா? ஏழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து! 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில். இம்முறை அவருடன் நின்றவர் இன்னொரு தமிழர், விஜய் சுந்தர் பிரசாந்த். இருவருமே முப்பத்தைந்து வயதை எட்டியவர்கள். பிரசாந்துக்கு இந்த நிலையில் அதுதான் முதல் பட்டம். எதிரில் ஜெர்மனியின் ஃபிரான்ட்சன், யெபன்ஸ் சோடி.

அந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள விதியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டென்னிஸ் திடலின் நீளம் 78 அடி. ஒற்றையருக்கு அகலம் 27 அடி. இரட்டையருக்கு 36 அடி. ஆள் இரண்டு மடங்கானாலும் அகலம் ஒன்பது அடிதான் கூடுகிறது. ஆகவே பந்து மின்னல்போல் வரும், யோசிக்க நேரமிருக்காது. 'இது உன் பந்தா, என் பந்தா' என்று தயங்கினால் நடுவே போய்விடும். ஒரு கேமில் இரு தரப்பும் 40-40 என்று சமமானால், அடுத்த ஒரே புள்ளி அந்த கேமை முடித்துவிடும். அந்தப் பந்தை வாங்கி அடிப்பது யார் என்பதை வாங்கும் சோடியே முடிவு செய்யும். 'நீ அடி, நான் நம்புகிறேன்' என்று தோழனிடம் சொல்லும் நேரம் அது. இரு தரப்பும் ஆளுக்கொரு செட் எடுத்தால், மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளிக்கு ஒரு குறு ஆட்டம். இரண்டு புள்ளி முன்னணியில் முதலில் பத்தைத் தொடுபவருக்கே வெற்றி.

ஹாங்சோவில் நம்மவர்கள் முதல் செட்டை 4-6 என்று இழந்தார்கள். இரண்டாவது செட் 6-6 என்று இழுபறியானது. டை-பிரேக்கில் 7-5 என்று தப்பினார்கள். அதை இழந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பிறகு கடைசிக் குறு ஆட்டத்தை 10-7 என்று வென்றார்கள்.

சென்னையில் ஜீவனோடு நின்ற போபண்ணாவும் சளைத்தவரல்லர். 2024 சனவரியில், 43ஆம் வயதில், மாத்தியூ எப்டனுடன் சேர்ந்து ஆஸ்திரேலியப் பொது விருதை வென்றார். இரட்டையர் ஆட்டத்தில் உடல் வேகம் குறைந்தாலும், தோழனைப் புரிந்துகொள்ளும் அறிவு கைகொடுக்கிறது.

இதெல்லாம் தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிதா? நிரையில் போய்ப் பாருங்கள். ஒருவர் குலை வெட்டுவார். ஒருவர் உதிரிப் பழம் பொறுக்குவார். வெட்டுபவர் கெட்டிக்காரர் என்று பொறுக்குபவரை ஏசினால் அன்றைய கணக்கு என்னாகும்? நம் அம்மா அப்பாக்கள் பால்மரக் காட்டில் இருட்டோடு போய், ஒருவர் சீவ, ஒருவர் பால் எடுக்க, அப்படித்தானே நம்மை வளர்த்தார்கள்? இரட்டையர் ஆட்டத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பலகையில் திடலை வரைந்து இந்தக் கதையைச் சொன்னேன். கடைசி இருக்கையில் வந்த அந்தப் பையன் கையைத் தூக்கினான்.

"சார், முதல் செட்டுல தோத்தப்ப அவங்க ரெண்டு பேரும் என்ன பேசியிருப்பாங்க?"

"என்னென்னவோ பேசியிருக்கலாம்ப்பா. 'உன்னாலதான்' என்று மட்டும் பேசியிருக்க மாட்டார்கள்" என்றேன்.

முன்னிருக்கைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைதானே! ஆனால் அன்று மாலைப் பயிற்சியில் அவன் குரல் கேட்டது: "நீ முன்னால நில்லுடா. பின்னால வர்றத நான் பார்த்துக்கிறேன்."

பெற்றோர்களே, பிள்ளை போட்டிக்குப் போய்த் திரும்பினால் "ஜெயிச்சியா?" என்பதை அடுத்துக் கேளுங்கள். முதலில், "உன் கூட்டாளி எப்படி இருக்கான்?" என்று கேளுங்கள். நாளைக்குத் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனாலும், தொழிற்சாலையில் நின்றாலும், குடும்பம் நடத்தினாலும், அந்தக் கேள்விதான் அவனுக்குத் துணை வரும்.